பாலசமுத்திரத்துத் திண்ணையும் கொடைக்கானல் பங்களாவும்

பழனிக்குப் போயிருக்கிறீர்களா என்று உங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். அங்கே ஒரு தடவையாவது முடி காணிக்கை கொடுக்காத தலை எந்த வீட்டில் இருக்கிறது? ஆனால் பாலசமுத்திரத்துக்குப் போயிருக்கிறீர்களா? இல்லை அல்லவா! மலையேறித் தண்டபாணியைத் தரிசித்து, பஞ்சாமிர்த டப்பாவை வாங்கிப் பையில் திணித்ததும் நமக்கு ரயில் ஞாபகம் வந்துவிடுகிறது.

அடுத்த முறை போனால் அரை நாள் ஒதுக்கி வையுங்கள். பழனியிலிருந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டு அம்மாளிடம் குசலம் விசாரித்து முடிப்பதற்குள் பாலசமுத்திரம் வந்துவிடும். பாளையப்பட்டுக் காலத்தில் பெரிய ஊர். அகோபில வரதராஜப் பெருமாள் கோயில் இங்கேதான் இருக்கிறது. முருகன் ராஜ்யத்தில் மாமாவுக்கும் ஒரு மாளிகை! ஊரைச் சுற்றித் தென்னையும் மாவும். நிமிர்ந்து பார்த்தால் பழனி மலைத் தொடர் கதவைச் சாத்தி வைத்தாற்போல் எதிரே நிற்கிறது. அந்த மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீரைத்தான் சற்றுத் தள்ளிப் பாலாறு - பொருந்தலாறு அணையில் தேக்கியிருக்கிறார்கள்.

இந்த ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில், வெயில் தாழட்டும் என்று சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். மோர் கொண்டுவந்து கொடுத்த அம்மாள், உள்ளே போய் வழவழப்பான ஒரு காகிதத்தையும் எடுத்து வந்தாள். பளிங்குத் தூண்கள், வாசலில் பனி, வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள். ஜார்ஜியா தேசத்து மருத்துவக் கல்லூரி ஒன்றின் விளம்பரம்.

"ஏனுங்க, எம் பொண்ணு பன்னெண்டு முடிச்சிருக்குது. டாக்டருக்குப் படிக்கோணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. தோட்டத்தை வித்துப் போட்டு அனுப்பலாமுங்களா? நாலு ஊரு பாத்தவங்க, நீங்க சொல்லுங்க" என்றாள்.

தோட்டத்தை விற்பதா வேண்டாமா என்று வழிப்போக்கரைக் கேட்கிறாள் என்றால், வேறு யாரையும் கேட்க அவளுக்கு வழியில்லை என்றுதானே அர்த்தம்? அந்தக் கேள்வியோடுதான் நான் கொடைக்கானல் பஸ் ஏறினேன்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அடிவாரத்தில் வரதமாநதி அணையைப் பார்த்துக்கொண்டே ஏற ஆரம்பித்தால் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். ஜன்னலோரச் சீட்டுக்குப் போட்டி போடுங்கள். சவரிக்காடு, வடகவுஞ்சி என்று தாண்டி, பெருமாள்மலையில் வத்தலக்குண்டு ரஸ்தாவோடு சேருகிறோம். அங்கே குளிர் காதைப் பிடித்துத் திருகும்.

கொடைக்கானலை உல்லாசபுரி என்றே நமக்குத் தெரியும். ஆனால் அது பிறந்த கதை நோயில் தொடங்குகிறது. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, 1845-இல் இங்கே வந்து இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். ஏரியும் படகும் பிறகு வந்தவைதான்.

இந்த மலையில் ஹில்டாப் என்ற பங்களாவில் தம் கடைசி நாட்களைக் கழித்து, 1960-ஆம் வருஷம் மே மாதம், 89-வது வயதில் கண் மூடினார் ஒரு மாது. வேலூர் ஆஸ்பத்திரியைத் தெரியாத குடும்பம் நம்மில் உண்டா? அதை உண்டாக்கிய ஐடா ஸ்கடர்தான் அவர். திண்ணையில் கேட்ட கேள்விக்கு இவருடைய கதையில் பாதிப் பதில் இருக்கிறது.

ஐடா 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, தகப்பனார் எல்லாரும் மிஷன் டாக்டர்கள். இவருக்கோ அந்த வாழ்க்கையே பிடிக்கவில்லை. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தவர், சீக்கிரம் திரும்பிவிடவே எண்ணியிருந்தார். ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமணர்; மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. "அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆண் பார்ப்பதைவிடச் சாவதே மேல் என்று அவர் போய்விட்டார். சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் கணவர். பிறகு இன்னுமோர் இந்துக் கணவர். அதே கேள்வி, அதே மறுப்பு. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

அதன் பிறகுதான் அவர் கப்பல் ஏறினார். அமெரிக்கப் பெண் அமெரிக்காவுக்குப் போவது வெளிநாட்டுப் படிப்பா என்று நீங்கள் கேட்கலாம். ராணிப்பேட்டையில் பிறந்து, தமிழ் பேசி, திண்டிவனத்துப் பெண்களுக்காகப் படிக்கப் போனவரை வேறு எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1895-இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் சர்வகலாசாலை தன் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். மறு வருஷமே ஊர் திரும்பி, வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். 1922-இல் அதன் முதல் வகுப்பில் 14 பெண்கள் தேறி வெளிவந்தார்கள். ஒருத்தி கடல் தாண்டிப் படித்ததால் மற்றப் பெண்கள் கடல் தாண்டாமலே படித்தார்கள், பாருங்கள்!

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அதே பென்சில்வேனியாக் கல்லூரியில் ஐடாவுக்கு முன்பே படித்தவர் மராட்டியப் பெண் ஆனந்திபாய் ஜோஷி. 1883-இல் பதினெட்டு வயதில் போய், 1886-இல் பட்டம் பெற்றார். ஒன்பது கஜப் புடைவையும் சைவச் சாப்பாடுமாக அந்தக் குளிரில் மூன்று வருஷம். க்ஷயம் பிடித்துக்கொண்டது. கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் வேலை காத்திருந்தும், ஊர் திரும்பிய சில மாதங்களில், 1887 பிப்ரவரியில் இறந்துபோனார். இருபத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் தாய், படிப்புக்கு முன்னால் உடம்பைப் பற்றி விசாரிப்பதில் தப்பே இல்லை.

எதிர்த் திசையில் வந்தவரும் உண்டு. சீமைச் சர்வகலாசாலைகள் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் கொடுக்காத காலத்தில், மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது 1875-இல் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார்! லண்டனில் மேற்கொண்டு பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-இல் அவர் முன்னின்று தொடங்கியதுதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா பெயரில் நடக்கும் ஆஸ்பத்திரி.

இனி இன்றைக்கு வருவோம். வழவழப்பான காகிதம் சொல்லாத விஷயங்கள் சில உண்டு. 2018 முதல், வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களும் 'நீட்' தேறியிருக்க வேண்டும். 'நீட் வேண்டாம்' என்று யாராவது சொன்னால் மோர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் வகுத்த விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அதன் மேல் 12 மாதப் பயிற்சி, அதே கல்லூரியில், பாடம் ஆங்கிலத்தில். அந்தத் தேசத்திலேயே வைத்தியம் செய்ய உரிமை தரும் பட்டமாகவும் இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் இங்கே தகுதித் தேர்வு: 300 மதிப்பெண்ணுக்கு 150. பல தடவைகளில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர், நாலில் ஒருவர்தான் தேறியிருக்கிறார்கள். தேறினாலும் இங்கே இன்னும் ஒரு வருஷப் பயிற்சி உண்டு. ஆக, விளம்பரத்தில் போட்டிருக்கும் ஆறு வருஷத்தை ஏழெட்டாகவே கணக்குப் போடுங்கள். கட்டணம் டாலரில் என்றால், ரூபாய் இறங்கும்போதெல்லாம் உங்கள் கடன் ஏறும்.

ஆங்கிலத்தில் பாடம் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாத்தியார் ஆங்கிலம் பேசுவார், நோயாளி பேசுவாரா? ஜார்ஜியாவில் ஒரு கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜார்ஜிய மொழியில்தான் முனகுவாள். வைத்தியத்தைக் கட்டிலருகே நின்று கற்க வேண்டும். நோயாளியின் பேச்சு புரியாதவளுக்குப் புத்தகம் மட்டுமே மிஞ்சும். தகுதித் தேர்வில் பலர் தடுக்கி விழ இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். போகிற பெண் முதல் வருஷத்திலேயே அந்த ஊர்ப் பாஷையைக் கற்கத் தயாராயிருக்கிறாளா என்று கேளுங்கள்.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் மூண்டபோது, ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் சுரங்க ரயில் நிலையங்களில் பதுங்கியிருந்து, எல்லை வரை நடந்து, விமானத்தில் வந்து சேர்ந்ததை டெலிவிஷனில் பார்த்தோமே! உயிர் தப்பியது, படிப்பு அந்தரத்தில் நின்றது. எந்தத் தேசத்தில் எப்போது என்ன நடக்கும் என்று ஜோசியம் சொல்ல முடியாது. ஆகவே எல்லாப் பணத்தையும் முதலிலேயே கட்டிவிடாதீர்கள்.

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போக மறக்க வேண்டாம். 1936-இல் அதைக் கட்டியவரும் கடல் கடந்து வந்த ஒரு மாதுதான்: இலங்கைப் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி. பனி விலகினால் அங்கிருந்து பழனியும் சுற்றுச் சமவெளியும் தெரியும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பெண் இருந்தால் இதையும் விசாரித்துவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேறிய பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித இடம் 2020 முதல் தனியாக ஒதுக்கப்படுகிறது. கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. திண்டுக்கல்லிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாலசமுத்திரத்திலிருந்து பழனிக்கு ஒரு பஸ், பழனியிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஒரு பஸ். தோட்டத்துக்கு விலை பேசுவதற்கு முன்னால் அந்த மனுவைப் போட்டுவிட வேண்டும்.