தாம்பரம் டூ டைனோசர்!

உங்க வீட்டில் ஒரு வாண்டு இருக்கா ஃப்ரெண்ட்ஸ்? அக்கா பையன், அண்ணன் பொண்ணு, மாடி போர்ஷன் வாலு... யாராவது? அப்படின்னா இந்தப் பிரச்னை உங்களுக்கும் வரும். அஞ்சு வயசிலிருந்து எட்டு வயசு வரைக்கும் அதுங்களுக்கு ஒரே சூப்பர் ஸ்டார், டைனோசர்தான். "ட்ரைசெராடாப்ஸுக்கு மூணு கொம்பு. இதுகூடத் தெரியாதா மாமா?" என்று ஃபைனல் இயர் படிக்கிற நமக்கே வைவா வைக்கும்!

பர்த்டேக்கு "டைனோசர் பார்க்கணும்" என்று அடம் பிடித்தால், கண்காட்சி எங்கே நடக்குதுன்னு பேப்பரைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு ஐடியா. எங்க வீட்டு ஏழு வயசுக்காரனுக்கு நாங்க செஞ்சது இது. தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி எழும்பூர் மியூசியம். அம்மா, அக்கா, அத்தான், நான், பர்த்டே பாய்... ஆக நாலரை டிக்கெட், ஒரு தூக்கு புளிசாதம். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீங்க, மியூசியத்துக்கு லீவு.

இது ட்ரெயின் இல்ல, டைம் மிஷின்!

பீச் - தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின் 1931 மே 11 அன்று ஓட ஆரம்பித்தது. தினமும் காலேஜுக்குப் போற ரூட்தானேன்னு அலட்சியமா காதில் பாட்டை மாட்டிக்கிட்டு தூங்காதீங்க. குரோம்பேட்டை தாண்டியதும் முழிச்சுக்கோங்க.

பல்லாவரம். 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற புவியியல் துறை அதிகாரி, இங்கே சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லை எடுத்தார். ஆதிமனுஷன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் பழைய கற்காலம் ஒன்று இருந்தது என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி நம்ம பல்லாவரத்துக் கல்தான்.

அடுத்து திரிசூலம். வலது பக்கம் மலை தெரியுதா? பரங்கிமலை வரைக்கும் இதே குடும்பத்துக் கருங்கல்தான். பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் கல்லறையின் கல் இந்தப் பக்கத்து மலையிலிருந்து போனது. அதை ஆராய்ந்த ஹாலண்ட் என்கிற விஞ்ஞானி, அவர் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார். வயசு? சுமார் 250 கோடி வருஷம்! டைனோசர்கள் பூமியில் தலைகாட்டியது சுமார் 23 கோடி வருஷத்துக்கு முன்னால்தான். அப்பவே இந்தக் கல் கொள்ளுத்தாத்தா.

"அப்போ இந்த மலைக்குள்ள டைனோசர் எலும்பு இருக்குமா?" என்று வாண்டு கேட்கும். இருக்காது. பூமிக்கு அடியில் பயங்கரச் சூட்டில் வெந்து உருவான பாறை இது. எலும்பு கிடைக்கணும்னா ஆற்று மணலும் சேறும் படிந்து இறுகிய பாறை வேணும். அதுக்கு தாம்பரத்திலிருந்து மேற்கே 30 கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். கார் ஃபேக்டரிகளால் நமக்குத் தெரிந்த அதே ஊர். அங்கே பூமிக்குள் இருக்கும் களிப்பாறையில் டைனோசர் காலத்துச் செடிகளின் இலைகள், நரம்பு நரம்பாக அச்சுப் பதிந்து கிடைத்திருக்கின்றன.

"இது நிஜமா மாமா?"

1851ல் ஆரம்பித்த மியூசியம் இது. உள்ளே குழந்தைகள் பகுதியில் டைனோசர் மாடல் இருக்கு. பார்த்ததும் எங்க ஆளு ஓடின ஓட்டத்தில் அக்காவின் செருப்பே அறுந்துடுச்சு. அஞ்சு நிமிஷம் வாய் பிளந்து பார்த்தான். அப்புறம்தான் கேட்டான். "இது நிஜமா மாமா?"

"இல்லடா, பொம்மை."

"அப்போ நிஜம் எங்க?"

அத்தான் நைசாக ஐஸ்க்ரீம் வாங்கப் போய்விட்டார். நான் மாட்டிக்கொண்டேன். முதலில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் காட்டி, "இது நிஜ எலும்பு" என்று சமாளித்தேன். ஃபூட் சேகரித்த கற்கருவிகளை இந்த மியூசியம் 1904ல் வாங்கியது, பல்லாவரத்து ஆதிமனுஷன் கதையும் சொன்னேன். பயல் விடலை. "டைனோசர் எலும்பு எங்க?"

அதுக்குப் பதில் அரியலூரில் இருக்கு... இல்ல, இருந்தது!

தொலைந்துபோன ராட்சசன்

அரியலூர் பக்கத்துக் கல்லமேட்டில் ஒரு டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987ல் அதுக்கு 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'பிருகத் காயம்' என்றால் பெரிய உடல். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர். நம்ம வீட்டு வாசக்கதவு உயரம்! நூறு டன்னைத் தாண்டியிருக்கலாம், பூமியில் நடந்த மிருகங்களிலேயே இதுதான் பெரிசாகவும் இருக்கலாம் என்று 2023ல் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்த எலும்பு இப்போ எங்கே? எங்கேயும் இல்லை. ஈரத்தில் ஊறி, தொட்டாலே உதிர்கிற நிலையில் இருந்தது. நம்ம கை உடைஞ்சா மாவுக்கட்டு போடுற மாதிரி, எலும்பைச் சுற்றி மாவுக்கட்டு போட்டுத்தான் எடுப்பார்கள். கட்டுக்குள்ளேயே அது நொறுங்கிவிட்டது. ஆபீஸ் போய்ச் சேரவில்லை. மிஞ்சினது வரைபடங்களும் சில போட்டோக்களும்தான். அதனாலேயே "அது எலும்புதானா, கல்லாகிப்போன மரமா?" என்று வெளிநாட்டில் சந்தேகப்பட்டார்கள். 2022ல் பழைய போட்டோக்களை வெளியிட்ட பிறகுதான் பேச்சு மறுபடி சூடு பிடித்தது.

இன்னொரு பக்கம் பாருங்க. 1960 வாக்கில் கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த 'பாராபாசாரஸ்' எலும்புகள் பத்திரமாகக் கொல்கத்தா போய்ச் சேர்ந்தன. இன்றைக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மியூசியத்தில் ஜம்முனு நிற்குது. அந்த ஊர் வாண்டு "நிஜமா?" என்று கேட்டால், "ஆமாடா" என்று சொல்லலாம். நம்மால் முடியலை.

முட்டை வதந்தி

2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 'டைனோசர் முட்டை' கிடைத்துவிட்டது என்று போன் போனாகப் பறந்தது ஞாபகம் இருக்கா? நிபுணர்கள் பார்த்துவிட்டு, அது முட்டை இல்லை, கடல்வாழ் அம்மோனைட் இருந்த படிவம் என்றார்கள். ஒருகாலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடல். கடலே வந்து போன ஊர் என்பது முட்டையைவிடப் பெரிய செய்தி. ஆனா அதை யாரும் ஃபார்வர்டு பண்ணலை!

அதனால, அடுத்த பர்த்டேக்கு கார்டு லைன் ட்ரெயின் பிடிச்சு அரியலூர் போங்க. வாரணவாசியில் புதைபடிவ மியூசியம் இருக்கு. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் படுத்திருக்கு. அது நிஜம், பொம்மை இல்லை. வழியில் வித்தியாசமான கல்லைப் பார்த்தால் பையில் போட்டுக்காதீங்க. இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, ஏதாவது ஒரு காலேஜின் ஜியாலஜி டிபார்ட்மென்டில் காட்டுங்க.

ப்ளஸ் டூ முடிக்கிற தம்பி தங்கச்சி யாராவது "ஜியாலஜி எடுக்கவா?" என்று கேட்டால், "அதில் என்ன இருக்கு?" என்று சிரிக்காதீங்க. பிரசிடென்சி காலேஜில் இருக்கு, அண்ணா யூனிவர்சிட்டியில் இருக்கு. கல்லமேட்டில் அடுத்த எலும்பு தலைகாட்டும்போது, மழைக்கு முந்தி அங்கே போய் நிற்க ஆள் வேணும். மாவுக்கட்டு போடத் தெரிந்த, உதிர்கிற எலும்பை இறுக்கிப் பிடிக்கத் தெரிந்த ஆள். எங்க வீட்டுப் பயல் வளர இன்னும் பதினஞ்சு வருஷம் ஆகும். நீங்க இப்பவே காலேஜில்தானே இருக்கீங்க?