தெருவுக்கு வாடகை

அமாவாசைதோறும் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் பெருகும். சுற்றியுள்ள தெருக்களில் காரை நிறுத்த இடம் தேடுவோர் நாம். இறங்கியபின் நடக்க வழியின்றித் தவிப்போரும் நாமே. அந்த இலவசத்தின் விலையைக் குளக்கரைக்குக் கைத்தடியோடு நடக்கும் முதியவர் செலுத்துகிறார்.

கட்டணம் வாங்குக, அதை அத்தெருவுக்கே செலவிடுக என்பது கலிபோர்னியப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005இல் வெளியிட்ட நூலின் வாதம். நாமும் உடன்படுகிறோம்.

ஆயினும் இதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் சரக்கேற்றிவரும் லாரி ஓட்டுநருக்குக் காத்திருப்பதும் வேலையே. அவரிடம் கட்டணம் கேட்குமுன் நிறுத்துமிடமும் கழிப்பறையும் அமைத்துத் தரவேண்டும்.

வசதிக்காக நிறுத்தும் நம்மிடம் தாராளமாக வாங்கட்டும். ரசீது தந்து, அப்பணத்தில் நடைபாதை அமைத்தால் முணுமுணுக்காமல் கொடுப்போம்.