இலை போல இருக்கும், இலை அல்ல



சாருடைய பதிவு நீளமாக இருக்கும் என்று பாதியிலேயே தாண்டிப் போகிறவர்கள் உண்டு, தெரியும். இன்று மட்டும் கடைசி வரை படித்துவிடுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருப்பவர்களும், உங்களில் ஆசிரியர் வேலைக்கு வந்தவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் சார்ன்வுட் காடு என்று ஓர் இடம் இருக்கிறது. எரிமலைச் சாம்பல் கடலடியில் படிந்து இறுகிய பாறைகள் அங்கே உண்டு. வயது சுமார் 56 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் தோன்றியதே ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கேம்ப்ரியன் காலத்துக்கு முந்தைய இவ்வளவு பழைய பாறையில் புதைபடிவம் இருக்காது என்பதுதான் 1950களில் எல்லோரும் படித்த பாடம். 1859இல் நூல் எழுதிய டார்வினுக்கே இது ஒரு தலைவலியாக இருந்தது. அந்தக் காலத்துக்கு முன்பும் உயிர்கள் வாழ்ந்திருக்க வேண்டும், ஆனால் தடயத்தைக் காணோமே என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1956இல் டீனா நீகஸ் என்ற 15 வயதுப் பெண், சார்ன்வுட்டில் ஒரு பாறையில் பெரணி இலை மாதிரி ஓர் உருவம் பதிந்திருப்பதைப் பார்த்தாள். தன் புவியியல் ஆசிரியையிடம் போய்ச் சொன்னாள். அந்தப் பாறைகளில் புதைபடிவம் கிடையாது என்று பதில் வந்தது. அது தனக்கும் தெரியும், தெரிந்ததால்தான் குழப்பமாக இருக்கிறது என்றாள். அப்படியானால் அது அவ்வளவு பழைய பாறையாக இருக்காது என்று ஆசிரியை முடித்துவிட்டார்.

அடுத்த ஆண்டு ரோஜர் மேசன் என்ற பள்ளி மாணவன் நண்பர்களோடு பாறை ஏறப் போன இடத்தில் அதே உருவத்தைப் பார்த்தான். காசின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்ப்போமே, அதே போல ஒரு பிரதி எடுத்து அப்பாவிடம் காட்டினான். அப்பாவுக்கு லெஸ்டர் பல்கலைக்கழக நிலவியலாளர் டிரெவர் ஃபோர்டைத் தெரியும். ஃபோர்டும் முதலில் நம்பவில்லை. ஆனாலும் நேரில் போய்ப் பார்த்தார். 1958இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி, 'சார்னியா மேசோனி' என்று பெயர் வைத்தார். முதல் பாதி காட்டின் பெயர், இரண்டாம் பாதி பையனின் பெயர்.

சார்னியாவைப் பற்றி இரண்டு வார்த்தை. பார்க்க இலை மாதிரிதான். ஆனால் இலைக்கு உள்ளது போல நடுநரம்பு இல்லை. கிளைகள் இடமும் வலமும் மாறி மாறி வளைந்து வளைந்து போகும். வாயும் இல்லை, குடலும் இல்லை. வெளிச்சம் எட்டாத கடலடியில் ஊன்றி நின்ற உயிர் என்பதால் செடியாக இருக்க முடியாது. ஃபோர்டு பாசி இனம் என்று நினைத்தார். பிறகு வந்தவர்கள் கடற்பேனா என்ற பவள உறவினத்தோடு சேர்த்தார்கள். அதுவும் நிற்கவில்லை. விலங்குகளின் மிகப் பழைய கிளைகளில் ஒன்று என்றே இன்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் இதைவிடப் பழைய சார்னியாக்களும் கிடைத்திருக்கின்றன.

இயற்கைப் படங்கள் எடுத்த டேவிட் அட்டன்பரோ, மேசன் படித்த அதே பள்ளியில் முன்னதாகப் படித்தவர். சிறுவயதில் லெஸ்டரைச் சுற்றிப் புதைபடிவம் தேடி அலைந்தவர், சார்ன்வுட் பாறைகளில் மட்டும் தேடவில்லை. அங்கே இருக்காது என்று அவருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இருக்காது என்பதால் தேடவில்லை; தேடாததால் கிடைக்கவில்லை; கிடைக்காததால் இருக்காது என்பது உறுதியானது.

அந்த ஆசிரியையைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. புத்தகத்தில் இருந்ததைத்தான் அவர் சொன்னார். தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண். டீனாவின் கண் மேசனின் கண்ணுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அவன் காட்டிய பெரியவர் எழுந்து போய்ப் பார்த்தார். அவள் சொன்ன பெரியவர் போகவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மேசன் பிற்காலத்தில் நிலவியல் பேராசிரியர் ஆனார். தனக்கு முன்பே டீனா பார்த்துவிட்டார் என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்கிறார். லெஸ்டர் அருங்காட்சியகத்திலும் அது பதிவாகியிருக்கிறது. ஆனால் பெயர் வைத்தது வைத்ததுதான்.

பிள்ளைகள் கொண்டுவரும் நூறில் தொண்ணூற்றொன்பது வெறும் கல்லாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அடுத்த முறை உங்கள் மகளோ மாணவனோ புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னால், கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கே, காட்டு பார்ப்போம்" என்று கூடவே போங்கள்.

சின்ன வயதில் நீங்கள் எதையாவது கண்டுபிடித்து யாரிடமாவது காட்டியதுண்டா? அவர்கள் என்ன சொன்னார்கள்? கீழே எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் ஆசிரியர்