மூலமும் பிரதியும்

தாம் செய்த பிழையைத் தாமே எழுதி வெளியிடுதல் எவர்க்கும் எளிதன்று. ஆயினும், எமக்குப்பின் இவ்விடுதிக் கணக்கை ஏற்பார்க்குப் பயன்படுமென்று கருதி, எமக்கு நேர்ந்ததொன்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

விடுதியின் உணவுக் கணக்கைப் பேரேட்டினின்றும் கணிப்பொறிக்கு மாற்றும் பணி எம்பால் வந்தது. பைதன் மொழியில் நிரலொன்று வகுத்தோம். அதில் 'மாணவர்' என்னும் அச்சொன்றை யாமே அமைத்தோம். அவ்வச்சிற் பிறந்த ஒவ்வொரு பொருளும் ஒருவருடைய பெயரையும், அறையையும், ஊர் சென்ற நாட்களின் பட்டியையும் தன்னுட் கொண்டிருக்கும். ஊர் சென்ற நாளொன்றுக்கு ரூபாய் 90 கழிவு.

முன்னறிவிப்பின்றிச் சென்றார்க்குக் கழிவை மறுத்தால் எவ்வளவு மிஞ்சுமென்று உணவுக் குழுவினர் ஒருநாள் வினவினர். யாம் மாணவர் பட்டியலைப் பிரதி செய்து, அப்பிரதியிலே முன்னறிவியாதாரின் நாட்களை அழித்துத் தொகை சொன்னோம். குழுவினர் அவ்விதி வேண்டாவென்று விடுத்தனர். அன்று மாலையே, நிரலை நிறுத்தாது, மூலமென்று யாம் நம்பியதைக் கொண்டு அம்மாதச் சீட்டுக்களை அச்சிட்டு வழங்கினோம்.

மூன்றாம் நாள் முதலாண்டு மாணவரொருவர் எம் அறை வாயிலில் வந்து நின்றார். தந்தையார் காலமான செய்தி கேட்டு இரவோடிரவாக ஊர் சென்று, 14 நாட்கள் கழித்து மீண்டவர். "அண்ணா, சொல்லாமல் போனால் கழிவு கிடையாதா?" என்று மட்டும் கேட்டார். "கணிப்பொறி தப்பு செய்யாது, தம்பி" என்று கூறி அனுப்பிவிட்டோம். முழுத் தொகையையும் அவர் கடன் வாங்கிச் செலுத்தினாரென்பது பின்னரே தெரிந்தது. அன்றிரவு உறக்கம் கொள்ளாமல் நிரலைத் திறந்தோம்.

நிற்க. பைதனில் பெயரென்பது பொருளன்று. பொருளின்மேற் கட்டிய சீட்டே. இன்னொரு பெயரிட்டால் இரண்டாம் பொருள் பிறவாது. யாம் பட்டியலைப் பிரதி செய்தபோது புதிய பட்டியல் பிறந்தது மெய்யே. அதனுள் இருந்தோரோ பழைய மாணவரே. கூடை புதிது, பழங்கள் பழையன. பின்பு மாணவர் ஒவ்வொருவரையும் 'காப்பி' என்னும் கட்டளையாற் பிரதி செய்து பார்த்தோம். அப்பொழுதும் மாணவர் புதியர். நாட்பட்டி மட்டும் பழையதே. இதனை மேலோட்டப் பிரதி என்பர். இறுதியில் 'டீப்காப்பி' என்னும் ஆழ்பிரதியை நாடினோம். அஃது உள்ளுறையும் பொருள்களுட் சென்று சென்று அவற்றையும் புதியனவாக்கும்.

ஆங்கும் இரு நுட்பங்கள் உள. எம் கணக்கில் மாணவர் அறையைச் சுட்டுவர். அறை மாணவரைச் சுட்டும். இவ்வட்டத்தில் முடிவின்றிச் சுழலாதபடி, டீப்காப்பி தான் பிரதி செய்தவற்றை 'மெமோ' என்னும் குறிப்பேட்டிற் பதிந்து கொள்ளும். கண்ட பொருள் மீண்டும் எதிர்ப்படின், அதன் பிரதியையே எடுத்துத் தரும். ஆதலின் ஓரறையில் வாழும் இருவர்க்குப் பிரதியிலும் ஓரறையே அமையும். மற்றொன்று: திறந்து வைத்த கோப்பை அது பிரதி செய்யமாட்டாது. எம் கணக்குப் பொருள் அத்தகைய கோப்பொன்றை ஏந்தியிருந்தமையால், டீப்காப்பி பிழை கூறி நின்றது. ஆகவே, அவ்வச்சினுள் இருபுறமும் இரட்டை அடிக்கோடு பெற்ற 'டீப்காப்பி' என்னும் முறையை யாமே எழுதி, எது புதிதாதல் வேண்டும், எது பொதுவாய் நிற்கலாமென்று வரையறுத்தோம். புதிய பொருளை மெமோவிற் பதிந்த பின்னரே அதன் உறுப்புக்களைப் பிரதி செய்தல் வேண்டும். மறந்தால், உறுப்புக்களுள் ஒன்று அப்பொருளைத் திரும்பச் சுட்டுமிடத்து வட்டம் மீளவும் சுழலும்.

வாயிற் பதிவேட்டைக் கொண்டு அழிந்த நாட்களை மீட்டோம். கழிவிழந்தோர் 9 பேர். ரூபாய் 1,260ஐ எடுத்துக்கொண்டு முதலில் அம்மாணவரின் அறைக்கே சென்றோம். "தப்பு கணிப்பொறியுடையதில்லை, தம்பி, என்னுடையது" என்றோம். அவர் பணத்தை எண்ணாமலே வாங்கி, உட்காரும்படி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இப்பொழுதெல்லாம், பிரதி செய்தவுடன் அதில் ஒரு நாளை மாற்றி, மூலத்தைத் திறந்து பார்த்த பின்னரே மேற்செல்கிறோம். ஒருவர் வாயிலில் வந்து நின்று கேட்டால், அவர் கேள்வி முடியுமுன் விடையும் சொல்வதில்லை.