இரண்டாவது பட்டை

திருச்சி பாய்லர் ஆலையைச் சுற்றி, திருவெறும்பூர், துவாக்குடிப் பகுதிகளில் இரும்புத் தொழிற்கூடங்கள் பல எழுந்துள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு புதிதாக எழுந்த ஒரு கூடத்தில், மின்னிணைப்பு கொடுப்பதற்கு முந்தைய சோதனைகளைச் செய்து அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. நான் பாலக்கரையிலிருந்து செல்வேன். என்னுடன் இருந்த மேற்பார்வையாளர், ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து வரும் முதியவர்.

மறுநாள் மின் ஆய்வாளர் வருவதாக இருந்தது. மெக்கர் கருவியால் 500 வோல்ட் அழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்திப் பார்த்தோம். காப்புத்தடை 1 மெகாஓமுக்குக் குறையாதிருக்க வேண்டும். எல்லா மோட்டார்களும் தேறின. அடுத்தது எர்த். ஒவ்வொரு மோட்டாரின் உடலுக்கும் தனித்தனியே இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்த நிபந்தனை. இன்றும் அதுவே சட்டம். நான் பதினான்கு மோட்டார்களையும் அளந்து, எண்களை எழுதி முடித்துவிட்டேன்.

தாளைப் பார்த்த பெரியவர், "ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு அளந்தீர்களா, தம்பி?" என்றார்.

"இரண்டும் சேர்ந்தே நல்ல அளவு காட்டுகிறதே, சார்."

"ஒன்று சரியாக இருந்தால் மற்றதன் குறை தெரியாது. கழற்றிப் பாருங்கள்."

கழற்றினோம். மூன்று மோட்டார்களில் எண் தாவியது. பெயின்ட் பூசிய பரப்பின் மேலேயே இரண்டாவது பட்டையை வைத்துப் போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். கண்ணுக்குப் பட்டை உண்டு. மின்சாரத்திற்கோ நம்பத்தக்க வழி இல்லை.

நிர்வாகத்தின் சார்பில் நின்றவர் பொறுமையிழந்தார். "பட்டை இரண்டு இருக்கிறதல்லவா? எழுதிய எண்ணே இருக்கட்டும்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், என் மனமும் அதற்கு இசைந்தது. அந்த எண்கள் பொய்யுமல்ல, நானே அளந்தவை.

பெரியவர் வாதாடவில்லை. உப்புத்தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். பெயின்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சிட்ட பின் பட்டையைப் பொருத்தினோம். இடையில் நான் மஃரிப் தொழுது வரும்வரை அவர் அடுத்த மோட்டாரைத் தொடவில்லை. அளவை இருவரும் சேர்ந்தே காண வேண்டும் என்பது அவர் வழக்கம். பழைய தாளைக் கிழித்துப் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டபோது இஷா நேரம் கடந்திருந்தது.

எர்த் பட்டை இல்லாவிட்டாலும் மோட்டார் ஓடும், உற்பத்தி குறையாது, ஆண்டுக்கணக்கில் எவரும் அதைத் தேடமாட்டார். உள்ளே காப்பு பழுதாகி மோட்டாரின் உடலில் மின்சாரம் ஏறும் அந்த ஒரு நாளில், முதல் பட்டையும் அறுந்திருந்தால், வழியாகப் போவது தொழிலாளி ஒருவரின் உடல்தான். அவர் அந்த அறிக்கையைப் படித்திருக்கமாட்டார். நம் கையெழுத்தை நம்பி இயந்திரத்தில் கை வைத்தவர். அந்த நம்பிக்கை நம்மிடம் விடப்பட்ட அமானிதம் என்பதை, என் மார்க்கம் சொல்லித்தந்தும் நான் மறக்க இருந்த நேரத்தில், ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஓர் உப்புத்தாளைத் தந்து நினைவூட்டினார்.

இன்றும் ஒரு பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் அளக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டு வெந்நீர்க் கருவிக்கு எர்த் உண்மையில் வந்து சேர்கிறதா என்று தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம்மை நம்பி இருப்போருக்கு நம்மால் தீங்கு நேராமல் அல்லாஹ் காப்பானாக.