ஓய்வில் உலரும் மை

இங்க்ஜெட் அச்சுப்பொறிக்கு உழைப்பால் வரும் பழுதுகள் பல உண்டு. ஓய்வால் வரும் பழுது ஒன்றுண்டு. அச்சுத்தலையின் துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும் அந்தப் பழுது, நாளெல்லாம் ஓடும் கடைப் பொறியை அவ்வளவாக அண்டுவதில்லை. பிள்ளையின் பள்ளி வேலைக்கென வாங்கப்பட்டு, முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் துணி போர்த்தி மூலையில் வைக்கப்பட்டு, ஜூன் மாதத்தில் தூசி தட்டி எடுக்கப்படும் வீட்டுப் பொறியையே தேடிப் பிடிக்கிறது. மதுரையில் அந்த இடைவெளி சித்திரை வெயிலும் கத்திரியும் சேர்ந்த காலமாக அமைந்துவிடுவதால், பூட்டிய அறைக்குள் காற்றே காய்ந்து கிடக்கும் வாரங்களில்தான் பொறி தனித்து விடப்படுகிறது.

அச்சுத்தலை என்பது மையைத் தாளின்மீது துளித்துளியாக எறியும் உறுப்பு. பழுது பார்ப்போர் அதனை ‘ஹெட்’ என்றும், அதன் துளைகளை ‘நாசில்’ என்றும் வழங்குவர். எப்சன் எல் 3110 வகைப் பொறியின் தலையில் கறுப்பு மைக்கு 180 துளைகளும், சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்றுக்கும் தலா 59 துளைகளும் உள்ளன. ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனைவிடக் குறுகியது. மின்னழுத்தம் பட்டால் வளையும் பீசோ படிகம் துளைக்குப் பின்னிருந்து மையைத் தள்ளுகிறது. கேனன், எச்பி நிறுவனங்களின் வழி வேறு: நுண்ணிய சூடேற்றி ஒன்று மையில் குமிழியை எழுப்ப, அக்குமிழியின் உந்தலில் துளி வெளியேறுகிறது. 1977இல் கேனன் ஆய்வாளர் இச்சிரோ எண்டோவின் ஆய்வுமேசையில், சூடான சால்டரிங் அயர்ன் மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியைத் தற்செயலாகத் தொட, முனையிலிருந்து மை பீறிட்டதே இம்முறைக்கு வித்தாயிற்று என்பர். அடைப்பு நீக்கவும் இன்று அதே சிரிஞ்சைத்தான் தேட வேண்டியிருக்கிறது என்பது வேடிக்கை.

மையின் பெரும்பகுதி நீர்; அதில் நிறம் தரும் சாயமும், நீர் விரைந்து ஆவியாகாமல் பிடித்துவைக்கும் கிளிசரால், கிளைகால் போன்ற பொருள்களும் கலந்திருக்கும். இந்த மையிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு எதிர்பார்க்கப்படுகின்றன: தாளில் விழுந்ததும் காய வேண்டும், துளையின் வாயில் நிற்கும்வரை காயவே கூடாது. இரண்டையும் ஒருசேர முழுமையாக நிறைவேற்றும் மை இல்லாததால், தலை ஓய்வெடுக்கும் இடத்தில் ரப்பர் விளிம்புள்ள மூடி ஒன்றை அமைத்து, பொறியை அணைக்கும்போது தலை அதன்மேல் சென்று அமருமாறு செய்திருக்கிறார்கள். அச்சு ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனாலோ, அவசரக்காரர் எவரேனும் சுவர் சுவிட்சையே அணைத்தாலோ, தலை நடுவழியில் திறந்த வாயோடு நின்றுவிடுகிறது. ஊற்றுப்பேனாவால் எழுதிப் பழகிய தலைமுறைக்கு இது புதிதன்று; விடுமுறையெல்லாம் மூடாமல் கிடந்த பேனாவின் நிப்பை வெந்நீரில் ஊறவைத்தவர்க்கு நோயும் மருந்தும் முன்பே தெரியும். ஓலைச்சுவடி எழுதியோர்க்கோ இச்சிக்கலே எழவில்லை. எழுத்தாணி உலர்ந்த கீறலை மட்டும் இட்டது, கரியும் இலைச்சாறும் பிறகே பூசப்பட்டன.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் தொடங்கிய பொதுமுடக்கம் தளர்ந்துவந்த வேளையில், மதுரை மாநகரும் பரவை, திருப்பரங்குன்றம் உள்ளிட்ட சுற்றுப்பகுதிகளும் ஜூன் 24 முதல் மீண்டும் முழுமுடக்கத்துக்கு உள்ளாயின. வீட்டுப் பொறிக்கே உரிய இந்த நோய் கடைப் பொறிக்கும் வர, கடைகள் பூட்டிக் கிடந்த அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

அடைப்பை அறிய உதவுவது ‘நாசில் செக்’ என்னும் சோதனைத் தாள். அதில் படிக்கட்டுபோல இறங்கும் சிறு கோடுகளுள் ஒவ்வொன்றும் ஒரு துளைக்குச் சான்றாக நிற்க, கோடு விடுபட்ட இடம் அடைபட்ட துளையைக் காட்டிக்கொடுக்கிறது. அதைக் கண்டதும் ‘ஹெட் கிளீனிங்’ கட்டளையைப் பத்துமுறை அடுத்தடுத்துக் கொடுப்பதே பலரின் வழக்கம். அக்கட்டளை செய்வது, மூடிக்குக் கீழுள்ள பம்ப்பால் துளைகளிலிருந்து மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சுக்கு அனுப்புவது மட்டுமே. ஆகவே திறந்திருக்கும் துளைகள் மையை வாரி இறைக்க, அடைபட்டது அடைபட்டே கிடக்கிறது. மூன்று முறைக்குப் பின்னும் சரியாகாவிட்டால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்குமாறு எப்சன் கையேடு கூறுகிறது. கையேட்டில் அதிகம் படிக்கப்படாத வரியும், அதிகம் பயன்தரும் வரியும் அதுவாகவே இருக்கக்கூடும்.

காத்திருந்தும் பயனில்லையெனில் நீரால் ஊறவைக்க வேண்டும். அதற்கு மதுரைப் புறநகர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் உதவாது. அதிலுள்ள உப்பு உலர்ந்து தானே புதிய அடைப்பாகிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கும். சாய மை நீர் பட்டால் மீண்டும் கரையும். நுண்துகள்களால் ஆன பிக்மென்ட் மை எளிதில் இளகாது. தலை கார்ட்ரிட்ஜோடு சேர்ந்திருக்கும் வகையாயின், அதன் முகத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்த டிஷ்யூ தாள்மேல் சற்று நேரம் வைப்பதே போதும். தலை பொறியோடு இணைந்திருந்தால், நனைத்து மடித்த டிஷ்யூ தாளை அதன் அடியில் செருகி ஓர் இரவு விட்டுவிடுவர். அதற்கும் அசையாத அடைப்புக்கே சிரிஞ்சு. மென்குழாய் பொருத்திய அதன் தண்டை விரலால் அழுத்தாமல், விரலின் எடை மட்டும் படுமாறு வைத்திருப்பதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது. வலிந்து தள்ளப்பட்ட நீர் துளையைத் திறப்பதற்குப் பதில் தலையையே கெடுத்துவிடலாம்.

மறுநாள் காலையில் உருவியெடுக்கும் டிஷ்யூ தாளில் கறுப்பும் சயானும் பட்டையாக ஊறிப் படர்ந்திருக்க, மெஜந்தா இருக்க வேண்டிய இடத்தில் நீர்த்த ரோசா நிறம் மட்டுமே தெரியும். தாளை மாற்றி மீண்டும் வைத்தால் அது மெல்ல அடர்கிறது. சோதனைத் தாளில் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிய பிறகும் மஞ்சள் வந்ததா என்பது ட்யூப்லைட் வெளிச்சத்தில் எளிதில் புலப்படாமையால், அந்தத் தாளை மட்டும் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.