மரக்கிளை உயரத்தில் ஒரு பகல்



வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம் வீடுகளில் முதலில் தயாராவது சாமான் பட்டியல்தான். மலேசியா என்றால் கேட்கவே வேண்டாம். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு புகைப்படம், பிறகு துணிக்கடை, அதற்கடுத்தும் துணிக்கடை. பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பார்கள். பயணத்தில் ஒரு நாளையாவது முழுதாகப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினால் என்ன? அப்படி நாங்கள் ஒதுக்கிய ஒரு நாளைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாங்கள் போனது பினாங்குத் தீவுக்கு. தலைநிலத்தையும் தீவையும் இணைக்கும் பதின்மூன்றரைக் கிலோமீற்றர் நீளமான பாலம் 1985இல் திறக்கப்பட்டது. அதில் பஸ் ஓடும்போது இரு பக்கமும் கடல். தீவின் பழைய நகரமான ஜோர்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமை இடமாக இருக்கிறது. அங்கே சூலியா வீதி என்று ஒன்றுண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களை அந்நாட்களில் சூலியர் என்றே அழைத்தார்கள். அவர்கள் 1801இல் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. நாசி கண்டார் கடைகளில் தமிழில் கேட்டு, தமிழில் பதில் வாங்கிச் சாப்பிடலாம்.

நகரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தூரத்தில், தீவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது தெலுக் பஹாங். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. அங்கேதான் 'எஸ்கேப்' என்ற விளையாட்டுப் பூங்கா 2012இல் திறக்கப்பட்டது. அதை ஆரம்பித்த சிம் சூ கெங் என்ற மலேசியர், அதற்கு முன் நீர்ச்சறுக்குகள் அமைக்கும் தொழிலில் இருந்தவர். பொத்தானை அழுத்தினால் ஓடுகின்ற இராட்டினங்களை விட, பிள்ளை தன் கையாலும் காலாலும் ஏறி, தாவி, தொங்கி விளையாடும் பழைய கிராமத்து விளையாட்டுதான் அவருக்குப் பிடித்தது. காட்டுச் சரிவில் இறங்கும் 1,111 மீற்றர் நீளமான நீர்ச்சறுக்கு ஒன்றும் இங்கே உண்டு. உலகிலேயே நீளமானதென்று 2019இல் கின்னஸ் புத்தகத்தில் பதிவானது. ஆனால் நாங்கள் போனது மரத்து உயரத்தில் நடப்பதற்காக.

மர உயரத்தில் மேடைகள். ஒரு மேடையிலிருந்து மற்றதற்குப் போகத் தொங்கும் பலகைகள், வலைகள், ஒற்றைக் கம்பிகள். குரங்கு தாவும் பாதையில் மனிதன் தாவ வேண்டும் என்பதுதான் விஷயம். இந்த வகைப் பூங்காக்கள் 1990களில் பிரான்ஸில் பெருகி, பின்னர் உலகமெங்கும் பரவின.

எங்கள் குழுவில் எங்கள் வீட்டவர், பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன், மாமி, நான். மகன் ஏறுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மகள் இடுப்பில் பட்டியைக் கட்டத் தொடங்கியதும் மாமிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மகன் இது? கொமருப் புள்ளைய மரத்துல ஏத்துறயா?"

அவர் என்னைப் பார்த்தார். மகளும் என்னைப் பார்த்தாள். இந்தப் பார்வையை நீங்களும் அறிவீர்கள். வேண்டாம் என்று சொல்வது எளிது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் தம்பி ஏறுவதைக் கீழே நின்று பார்க்கும் பிள்ளையின் முகத்தை அன்று முழுவதும் நான்தானே பார்க்க வேண்டும்?

"மாமி, உடுப்பும் ஒழுங்காத்தான் இருக்கு, கயிறும் ஒழுங்காத்தான் இருக்கு. ஏறட்டும்" என்றேன்.

கயிற்றைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? போகுமுன்பே அதைப் பற்றிப் படித்துக் கேட்டு அறிந்திருந்தேன். நீங்களும் அறிந்து வைத்திருங்கள். ஏறுபவரின் இடுப்பையும் இரு தொடைகளையும் சுற்றி ஒரு பட்டி. அதிலிருந்து புறப்படும் கயிற்றின் நுனியில் கொக்கி. தலைக்கு மேலே ஓடும் உருக்குக் கம்பியில் அதை மாட்டுகிறார்கள். கால் தவறினால் ஆள் கீழே விழுவதில்லை, பட்டியில் தொங்குவார். பல பூங்காக்களில் கொக்கிகள் இரண்டு. ஒன்று பூட்டியிருந்தால்தான் மற்றது திறக்கும் விதமாக அவை இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரு கணம் கூடப் பிடிமானமில்லாத கணம் இருக்காது. வேறு சில இடங்களில் தொடக்கத்தில் மாட்டிய கொக்கி முடிவு வரை கழராமலே கூட வரும். ஐரோப்பாவில் இப்படியான கயிற்றுப் பாதைகளுக்கென்றே தனித் தரநிர்ணயம் உண்டு. எந்த நாட்டில் ஏறினாலும், எந்த முறைக் கொக்கி என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். முதலில் தாழ்வான கயிற்றில் பழக்கிவிட்டே மேலே அனுப்பும் இடமா என்றும் பாருங்கள்.

மகன் அணிலைப் போல் போய்விட்டான். மகள் முதல் மூன்று பாலங்களையும் கடந்தாள். நான்காவதில் பலகைகள் விலகி விலகித் தொங்கின. நடுவில் போய் நின்றுவிட்டாள். முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. "உம்மா, எனக்கு ஏலாது" என்ற குரல் மேலிருந்து வந்தது.

என் கை எட்டாத உயரம் அது. மாமி ஸலவாத்து ஓதத் தொடங்கினார். வீட்டவர் வாயைத் திறந்து மூடினார். அப்போது அங்கே வேலை செய்யும் முக்காடிட்ட இளம்பெண் ஒருத்தி பாலத்துக்கு நேர்கீழே வந்து நின்றாள். "பயப்படாதே" என்றோ "கவனம்" என்றோ அவள் ஒருமுறை கூடச் சொல்லவில்லை. இலகுவான ஆங்கிலத்தில், "வலது கையை மேல் கயிற்றில் வை. சரி. இடது காலை அடுத்த பலகையில் வை. சரி. இப்போது மூச்சு விடு" என்றாள். அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வேலை. ஐந்து பலகைகள். மகள் மறுபக்க மேடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சகோதரிகளே, பிள்ளை உயரத்தில் தடுமாறும்போது நம் வாயில் வருவது "கவனம், கவனம்" என்பதே. அந்தச் சொல் பிள்ளைக்கு எந்த வழியையும் காட்டுவதில்லை. நம் பயத்தைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அடுத்த காலை எங்கே வைப்பதென்று சொன்னால் பிள்ளை வைத்துவிடுகிறது. பரீட்சைக்கும் இது பொருந்தும், பின்னாளில் வரும் பெரிய கஷ்டங்களுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி மேடையிலிருந்து கம்பியில் சறுக்கி இறங்கியவளிடம் மாமி முதலில் ஒன்றும் பேசவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, "பசிக்கிதா புள்ள?" என்றார். எங்கள் மாமியின் அகராதியில் அது பாராட்டு.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தொடையைச் சுற்றிப் பட்டி கட்டுவதால் அபாயாவோடு ஏற முடியாது. தளர்வான காற்சட்டையும் முழங்கால் வரை இறங்கும் நீளச் சட்டையும் போதும். முக்காடு தைத்துப் போடும் வகையாக இருக்கட்டும். ஊசி குத்த வேண்டாம். நுனிகள் சட்டைக்குள் போக வேண்டும். தொங்கும் துணி கம்பியில் ஓடும் உருளையில் சிக்கினால் ஆபத்து. மோதிரம், வளையல் அறையிலேயே இருக்கட்டும். பின்பக்கம் மூடிய சப்பாத்து அவசியம். கர்ப்பிணிகளும் இருதய நோயாளிகளும் கீழே நின்று பார்ப்பதே நல்லது. உயரம், எடை, வயதுக் கட்டுப்பாடுகளையும், விடுமுறை நாளையும் முன்கூட்டியே விசாரியுங்கள். மலேசிய நேரம் நமது நேரத்தை விட இரண்டரை மணி முந்தியது. லுஹரைக் கணக்கிட்டுக் காலையிலேயே போய்விடுங்கள்; வெயிலும் தப்பும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யார் ஏறுவது என்ற பேச்சை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் புறப்படுங்கள். வாசலில் பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினால், பெரும்பாலும் விட்டுக்கொடுக்க வேண்டி வருவது பெண்பிள்ளைதான். மகனுக்குச் சப்பாத்து வாங்கும் அன்றே மகளுக்கும் ஒரு சோடி வாங்கிவிடுங்கள்.